கொழுப்பு குறையட்டும், தசை குறையாதிருக்கட்டும்

(அலோர் ஸ்டார் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற கெடா மாநிலத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி சூழ்ந்த அலோர் ஸ்டார் நகரிலிருந்து வந்து, சோற்றைச் சற்றுக் குறையுங்கள் என்று சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனெனில், உடல் எடையைக் குறைக்கும்படி சுகாதார நிலையத்தில் அறிவுரை பெற்றுவரும் நம் மக்களில் பலர் குறைக்க வேண்டியதை விட்டுவிட்டு, குறைக்கக் கூடாததைக் குறைத்துக்கொண்டிருக்கின்றனர்.

நிலைமை என்னவென்பதை முதலில் பார்ப்போம். சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்தும் உடல்நல ஆய்வில், 1996ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெரியவர்களுள் உடற்பருமன் உடையோர் நூற்றுக்கு 4.4 பேராக இருந்தனர். 2019ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு 19.7 ஆக உயர்ந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில், மிகை எடையுடையோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நூற்றுக்கு 54.4 என்று வந்தது. இன வாரியாகப் பார்க்குங்கால் இந்தியர்களாகிய நாமே முதலிடத்தில் நிற்கிறோம். 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி நம்மவருள் பத்தில் ஆறு பேருக்கு மேல் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். பத்தில் மூவருக்கு நீரிழிவு. முதலிடம் பெற வேண்டிய துறைகள் வேறு எத்தனையோ இருக்க, இதில் பெற்றுவிட்டோம்.

தோட்டத்து உணவு நேற்று வந்ததன்று. நம் பாட்டன்மார் தலை நிறையச் சோறு உண்டனர். அதற்கேற்ற உழைப்பும் இருந்தது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மேட்டிலும் பள்ளத்திலும் கால்நடையாகவே நிரைக்கு நிரை சென்று மரம் வெட்டி, பின்னர் அதே வழியே திரும்பி வந்து மங்குப் பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து கொட்டாய்க்குக் கொண்டு சேர்த்தனர். இன்று நிரை வரைக்கும் மோட்டார் சைக்கிள் செல்கிறது. வாளியும் அதன்மேலேயே ஏறி வருகிறது. இது நல்ல மாற்றமே. ஆனால் தட்டில் விழும் சோற்றின் அளவும், குழம்பில் மிதக்கும் எண்ணெயும், தேநீரில் கலக்கும் கெட்டிப்பாலும் இந்த மாற்றத்தை அறியவில்லை.

இனி, நான் சொல்ல வந்த செய்தி. 78 கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்கிறார். அவர் காலைப் பசியாறலை நிறுத்துகிறார். பகலில் கஞ்சியும் ஊறுகாயும், இரவில் இரண்டு ரொட்டித் துண்டும் கறுப்புத் தேநீரும் என்று வாழ்கிறார். முட்டையைக் கொழுப்பு என்று ஒதுக்குகிறார். மீன் வாங்கக் காசு எதற்கு என்று அதையும் விடுகிறார். மூன்று மாதத்தில் 8 கிலோ குறைந்துவிடுகிறது. வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் அவருக்கோ, முன்பு ஒரே மூச்சில் தூக்கிய வாளி கனக்கிறது. குந்தி எழும்போது கை தரையைத் தேடுகிறது. குறைந்த 8 கிலோவும் கொழுப்பாக இருந்திருந்தால் இந்தத் தளர்ச்சி வந்திராது. அதில் ஒரு பங்கு தசை.

உண்ணும் உணவு உடலின் தேவைக்குக் குறையும்போது, உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறது. கொழுப்பு ஒரு சேமிப்பு. தசை மற்றொரு சேமிப்பு. நாள்தோறும் நம் தசை சிறிது தேய்ந்து, மீண்டும் கட்டப்படுகிறது. கட்டுவதற்கு வேண்டிய பொருள் புரதச் சத்து. அது உணவில் வராவிட்டால் தேய்மானம் நடக்கும், கட்டுமானம் நடவாது. மரம் வெட்டுபவருக்குத் தசை என்பது அவருடைய கைமுதல். அதைச் செலவழித்து எடையைக் குறைப்பது, உளியை விற்றுக் கடனை அடைப்பது போன்றது.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு அளித்து ஆராய்ந்தார். ரொட்டி, உருளைக்கிழங்கு, டர்னிப் என்று மாவுப் பண்டமே மிகுந்த உணவு அது. அவர்கள் வாரந்தோறும் நெடுந்தூரம் நடக்கவும் வேண்டியிருந்தது. முடிவில் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. உடல் வலிமையும் பெரிதும் சரிந்தது. நடந்தால் போதும், தசை தானே நிற்கும் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2016ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடை மிகுந்த 40 இளைஞர்களுக்கு நான்கு வாரம், தேவையைவிட நூற்றுக்கு 40 பங்கு குறைந்த உணவளித்து, கடும் உடற்பயிற்சியும் செய்வித்தனர். ஒரு பாதிப் பேருக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம். மறு பாதிப் பேருக்கு 2.4 கிராம். குறைந்த புரதம் உண்டவர்கள் சராசரி 3.5 கிலோ கொழுப்பை இழந்தனர். தசை முதலிய கொழுப்பற்ற உடற்பகுதி அப்படியே நின்றது. மிகுந்த புரதம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பற்ற உடற்பகுதியில் 1.2 கிலோ கூடவும் பெற்றனர். அவ்வளவு கடுமை நமக்கு வேண்டியதில்லை. பளுவான உழைப்பும் போதிய புரதமும் சேர்ந்தால் பட்டினியின் நடுவிலும் தசையைக் காக்க முடியும் என்பதே நாம் கொள்ள வேண்டியது.

நம் இனத்தாருக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 2004ஆம் ஆண்டில் "லான்செட்" என்னும் மருத்துவ இதழில் இரு மருத்துவர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக். மற்றவர் ஆங்கிலேயரான டாக்டர் யூட்கின். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவருமே ஒல்லியானவர்கள். ஆனால் யூட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடலிலோ 21.2 பங்கு! இந்திய உடம்பு ஒல்லியாகத் தோன்றினாலும் உள்ளே தசை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருக்கக்கூடும் என்பதைத் தம் உடம்பைக் கொண்டே அவர் விளக்கினார். ஏற்கெனவே தசை குறைந்த நாம், பட்டினி கிடந்து இருப்பதையும் இழக்கலாமா? உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியைத் தசையே வாங்கி வைத்துக்கொள்கிறது. எனவே தசையை இழந்த நீரிழிவு நோயாளிக்கு எடை குறைந்தும் முழுப்பயன் கிட்டுவதில்லை.

சரி, எவ்வளவு உண்ண வேண்டும்? ஆசிரியப் பயிற்சி பெற்றவன் ஆதலால் கணக்குப் போடாமல் என்னால் இருக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். நலமாக உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு, உடல் எடை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் போதும் என்பது 2017ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கென வகுக்கப்பட்ட சத்துணவு அளவு. எடையைக் குறைக்க முயலும் காலத்தில் இதைச் சற்று உயர்த்தி, 1.2 முதல் 1.6 கிராம் வரை கொள்ளலாம். பருத்த உடம்பின் முழு எடைக்கும் கணக்கிட வேண்டியதில்லை. அடைய விரும்பும் எடைக்குக் கணக்கிட்டால் போதும். மேலே சொன்ன நண்பர் 65 கிலோவை அடைய விரும்புகிறார் என்று கொள்வோம். கிலோவுக்கு 1.4 கிராம் வீதம் 91 கிராம். 90 என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது கொழுப்பு. எண்ணெயே கூடாது என்று அவித்த கீரையும் வெறும் சோறும் உண்போரும் உளர். அது தவறு. ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் கொழுப்பின் துணையாலேயே உடலில் சேர்கின்றன. உடலால் தானே செய்துகொள்ள இயலாத சில கொழுப்புப் பொருள்களும் உணவின் வழியே வந்தாக வேண்டும். சிறிது கொழுப்பு இருந்தால்தான் உண்ட நிறைவும் நிலைக்கும். நம் நாட்டுப் பரிந்துரைப்படி, மொத்தக் கலோரியில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு கொழுப்பிலிருந்து வரலாம். அரை நாள் மரம் வெட்டிப் பிற்பகலில் ஓய்ந்திருக்கும் நம் நண்பருக்கு ஒரு நாளைய செலவு 2300 கலோரி என்று வைத்துக்கொண்டால், அதில் 500 குறைத்து 1800 கலோரி உண்ணலாம். வாரத்திற்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கும். அவசரம் வேண்டாம், விரைந்து இறங்கும் எடையில் தசையின் பங்கு கூடும். 1800 கலோரியில் நான்கில் ஒரு பங்கு 450. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி ஆதலால், நாளொன்றுக்கு 50 கிராம் கொழுப்பு.

புரதம் 90 கிராமுக்கு, கிராமுக்கு 4 வீதம் 360 கலோரி, கொழுப்புக்கு 450, ஆக 810. மீதி 990 கலோரிதான் சோறு, ரொட்டி, பழம், சர்க்கரை எல்லாவற்றுக்கும். வழக்கமாக நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தட்டில் முதலில் சோற்றை மலையாகக் குவித்து, எஞ்சிய ஓரத்தில் மீன் துண்டு ஒன்றை வைக்கிறோம். புரதத்துக்கு முதலிடம், கொழுப்புக்கு எல்லை, மிச்சத்தில் சோறு என்று முறையை மாற்ற வேண்டும். சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரு" என்று சொல்லிவருவதும் ஏறக்குறைய இதுதான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், இறைச்சி, முட்டை அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும்.

90 கிராம் புரதம் என்றதும் டின்னில் விற்கும் விலையுயர்ந்த தூளை நினைக்க வேண்டாம். அதற்கு விளம்பரம் மிகுதி, தேவை சிறிது. தோட்டத்துக் கடையிலேயே வேண்டியது உண்டு. பிரட்டுக்குப் போகுமுன் அவித்த முட்டை இரண்டு, 12 கிராம்; முழுக்கோதுமை ரொட்டித் துண்டு இரண்டு, 6 கிராம்; பால்மாவு கரைத்த பால் ஒரு குவளை, 7 கிராம். காலையிலேயே 25 கிராம் சேர்ந்துவிட்டது. பகலில் ஒரு குவளை அளவு சோறு, அதில் 4 கிராம். கெம்போங் மீன், முள் நீக்கிய சதை 100 கிராம் அளவுக்கு, 20 கிராம். கெட்டியான பருப்புக் குழம்பு ஒரு கிண்ணம், 7 கிராம். மாலையில் அவித்த கொண்டைக்கடலை அரைக் குவளை, 7 கிராம். இரவில் இரண்டு சப்பாத்தியும் 100 கிராம் தெம்பேயும், 25 கிராம். கூட்டிப் பாருங்கள்: 88. இவையெல்லாம் ஏறத்தாழக் கணக்குகளே. இரண்டு கிராம் குறைந்ததென்று எவரும் கவலைப்பட வேண்டாம்.

தெம்பேயைப் பற்றி ஒரு சொல். மலாய் அண்டை வீட்டார் உண்ணும் பண்டம் என்று அதை ஒதுக்கும் தாய்மார் இன்னும் சிலர் உளர். சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யப்படும் அதில் 100 கிராமுக்கு 19 கிராம் அளவு புரதம் உண்டு. மசாலை தடவிச் சிறிது எண்ணெயில் வாட்டினால், புரட்டாசி மாதத்திலும் வெள்ளிக்கிழமையிலும் மீனுக்கு ஈடாக நிற்கும். தவ்வும் தயிரும் துணை செய்யும். விரத மாதம் முடிந்ததும் எடை குறைந்தது என்று மகிழ்வோர் அந்நாள்களில் தாம் உண்ட புரதம் எவ்வளவு என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். சோறும் ரசமும் அப்பளமும் விரதத்துக்குப் போதும், தசைக்குப் போதா.

இரண்டு பண்டங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. ஒன்று, நீர்த்த சாம்பார். பருப்புப் போட்டுத்தான் செய்கிறோம். ஆனால் ஒரு கரண்டிச் சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மற்றொன்று, டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால். இக்காலத்தில் அவற்றுள் பல, பாலைவிடச் செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த கலவைகளே. டின்னின் மேல் எழுதியிருப்பதைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பால் குடித்தோம் என்ற மனநிறைவு கிடைக்கும், புரதம் கிடைக்காது. நெத்திலிக் கருவாட்டில் புரதம் மிகுதி என்றாலும் உப்பும் மிகுதி. இரத்த அழுத்தம் உடையோர் நன்றாக அலசிச் சிறிதளவே சேர்க்க வேண்டும்.

இப்போது அந்த 50 கிராம் கொழுப்பு எங்கே போகிறது என்று பார்ப்போம். முட்டை இரண்டில் 10 கிராம், பாலில் 8, மீனில் 5, தெம்பேயில் 10. சமையல் எண்ணெயைத் தொடுமுன்னரே 33 கிராம் ஆகிவிட்டது. மீதி 17 கிராம், அதாவது மூன்று அல்லது நான்கு தேக்கரண்டி எண்ணெய். நம் வீடுகளில் நடப்பது என்ன? நால்வர் உள்ள குடும்பத்தில் மாதம் 1 கிலோ பொட்டலம் ஐந்து தீர்கிறது என்று கொண்டால், தலைக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் ஆகிறது. கலோரியில் 370ஐத் தாண்டும். ஒரு கிண்ணத்துக்கு மேற்பட்ட சோற்றுக்கு ஈடு. இந்தக் கணக்கில் தேங்காய்ப் பாலும், கடையில் உண்ணும் ரொட்டி சானாயும் சேரவில்லை. ஒரு ரொட்டி சானாயில் மட்டும் ஏறத்தாழ 300 கலோரி உண்டு.

செம்பனை நாட்டிலிருந்துகொண்டு எண்ணெயைப் பழிக்கிறேன் என்று கொள்ளாதீர்கள். அளவே கேள்வி. பொட்டலத்தை வெட்டி நேராகச் சட்டியில் ஊற்றுவதை விட்டு, போத்தலில் நிரப்பி, தேக்கரண்டியால் அளந்து எடுங்கள். பொட்டலம் திறந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஐந்து பொட்டலம் மூன்றாகும் மாதத்தில், வேறெதுவும் செய்யாமலே பெரும்பாதிக் காரியம் முடிந்திருக்கும். மிச்சமாகும் பணத்துக்கு முட்டை வாங்கலாம். இது முக்கியமாக வீட்டு ஆண்கள் கேட்க வேண்டிய செய்தி. பொரித்தால்தான் உண்பேன் என்று அடம் பிடிப்பவர் அவர்தாமே!

அலோர் ஸ்டாரில் பிறந்து, 1957ஆம் ஆண்டில் அந்நகரிலேயே "மஹா கிளினிக்" தொடங்கி மருத்துவம் பார்த்தவரும், பின்னர் நாட்டின் பிரதமராக விளங்கியவருமான துன் டாக்டர் மகாதீர், 2025ஆம் ஆண்டு ஜூலையில் நூறு வயதை எட்டினார். உணவு ருசிக்கும்போதே உண்பதை நிறுத்திவிட வேண்டும் என்று தம் தாயார் சொல்லித் தந்ததை அவர் பலமுறை கூறியுள்ளார். நல்ல அறிவுரை. ஆனால் நம் வீடுகளில் ருசிக்கும்போது நிறுத்தப்படுவது மீன்தான், சோறன்று. மீனும் முட்டையும் வீட்டுத் தலைவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகின்றன. தாய்க்குக் குழம்பும் சோறும் எஞ்சுகின்றன. அந்தத் தாயும் விடியற்காலையில் மரம் வெட்டியவரே. தட்டைப் பங்கிடும்போதே இதைத் திருத்த வேண்டும்.

தாத்தா பாட்டிமாரையும் மறக்கலாகாது. நாற்பது வயதைக் கடந்தபின் தசை தானாகவே மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதில் வேலை ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்ததும் அது விரைவுபடுகிறது. அப்போது பார்த்து, "வயதான காலத்தில் கஞ்சி போதும்" என்கிறோம். உண்மை நேர்மாறானது. முதியோருக்குப் புரதம் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. பல் இல்லாதவர்க்கு மசித்த பருப்பும், தவ்வும், முட்டையும், உதிர்த்த மீனும் கஞ்சியிலேயே சேர்க்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உளர். அவர்களுள் பலருக்கு வழுக்கிய தரை மட்டும் காரணமன்று. தாங்கிப் பிடிக்கத் தொடையில் வலிமை இல்லாததும் ஒரு காரணம்.

உணவு மட்டும் தசையைக் காத்துவிடாது. தசைக்கு வேலை தர வேண்டும். மரம் வெட்டுவதில் நடை உண்டு. கைக்கும் தோளுக்கும் ஓரளவு வேலை உண்டு. மோட்டார் சைக்கிள் வந்தபின் சுமை குறைந்துவிட்டது. ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நாற்காலியில் அமர்ந்து கை ஊன்றாமல் எழுவதும், சுவரில் கையூன்றி உடலைத் தள்ளுவதும், இரு வாளிகளில் தண்ணீர் நிரப்பி லயத்து வாசலில் நடப்பதும் செய்யலாம். எளிதாகிவிட்டால் தண்ணீரைக் கூட்டுங்கள்.

முன்னேற்றத்தைத் தராசு மட்டும் சொல்லாது. துணி அளக்கும் நாடாவால் தொப்புளை ஒட்டி இடுப்பை அளந்து, மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80க்குள்ளும் இருப்பது நலம். இடுப்பு இறங்குகிறது, வாளி முன்போலவே எளிதாகத் தூக்க வருகிறது என்றால் கொழுப்புத்தான் போகிறது. எடை இறங்கியும் இடுப்பு அசையவில்லை, கை தளர்கிறது என்றால் உணவைத் திருத்த வேண்டும்.

எச்சரிக்கை இரண்டு. சிறுநீரகம் பழுதுபட்டோர், குறிப்பாக நீரிழிவால் பழுதுபட்டோர், மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. அவர்களுக்கு அளவு வேறு. நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் இன்சுலின் ஊசி போடுவோரும் திடீரென்று சோற்றைக் குறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, நிரையின் நடுவே மயங்கி விழ நேரலாம். விடியற்காலை இருட்டில், அடுத்த ஆள் கூப்பிடு தூரத்தில் இல்லாதபோது அது உயிருக்கே ஆபத்து. ஆகவே உணவை மாற்றுமுன் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் சொல்லி, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்துப் பையையும், வீட்டில் ஒரு வாரம் உண்டதை எழுதிய தாளையும் உடன் கொண்டு சென்றால் மருத்துவருக்கும் உணவு ஆலோசகருக்கும் எளிதாக இருக்கும். எழுதத் தயங்குவோர் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யலாம். பிள்ளைக்கும் கணக்குப் பாடமாகும்.